கழுத்துப் பலகை

ஸ்காபரோ,
12 பெப்ரவரி 1996

பிள்ளையின் அப்பாவுக்கு,

நைஜீரியா உருப்படாது, வெள்ளைக்காரன் விட்டுப்போன கதிரையில் இருந்து அமைச்சர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள், சனம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அங்கிருந்து நான்கு பக்கம் திட்டி எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் கட்டடத்தைப் பராமரிக்க வந்திருக்கும் புது சூப்பரின்டென்டன்ட் ஒரு நைஜீரியர், அங்கே உங்களிடம் படித்த பழைய மாணவர். குழாய் திருத்த வந்தவர் சுவரில் உங்கள் படத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். வகுப்பில் தாய்மொழி பேசினால் ‘நான் கழுதை’ என்று எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டுவீர்களாமே. வெள்ளைக்காரப் பாதிரியார் தொடங்கிய வழக்கம். அமைச்சரின் மகன் பேசிய நாளிலும் பலகை இவர் கழுத்தில்தான் ஏறியதாம். அந்த வருடம்தான் நீங்கள் பள்ளிக்கூட அதிபரானீர்கள். அதைக் கொண்டாட நான் கேக் அடித்தேன்.

சேர் சுகமா என்று கேட்டார். செத்துப்போனார் என்றேன். தொப்பியைக் கழற்றி உங்களுக்காகச் செபித்தார்.

அவர் போனதும் மகள், “அப்பா செத்துப்போனாரெண்டு ஏனம்மா சொன்னனீங்கள்?” என்றாள்.

“இனி அப்பிடித்தான் பிள்ளை.”

நீங்கள் கேட்ட ஸ்பொன்சர் படிவத்தைக் கிழித்துவிட்டேன். செத்தவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட முடியாது.

இப்படிக்கு,
உங்கள் விதவை