பாப்பாவின் இடது கண்

என் வீட்டுக்காரர் இன்ஜினியர் சாருக்கு,

நேற்று உங்களிடம் சொல்லாமல் பாப்பாவைப் பிரிக்பீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாமாம். நரம்பு வழியாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இன்று அங்கேயே மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

பிறந்தநாள் போட்டோவில் அந்தக் கண் வெள்ளையாக மின்னியதை அன்றே காட்டினேன். "கேமரா கோளாறு லா" என்று சிரித்தீர்கள். உங்கள் அக்கா "கண்ணு பட்டுருச்சு" என்று கிள்ளானிலிருந்து தாயத்தோடு வந்தார். படித்த நீங்களே அதைப் பிள்ளை இடுப்பில் கட்டினீர்கள்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது. தாயத்தை அறுத்து மேசையில் வைத்திருக்கிறேன். நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், கண் தெரியாதது உங்களுக்குத்தான்.

மீன் குழம்பு பிரிட்ஜில்.

ஷாமினி

பி.கு.: மயக்கம் தெளிந்ததும் "அப்பா எங்க?" என்றுதான் கேட்பாள். அவளுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்து நில்லுங்கள். அக்கா வேண்டாம்.