பக்கக் கண்ணாடியில் மறைந்த மோட்டார் சைக்கிள்

என் பிரியமான அப்பாவுக்கு,

ரிங்லெட்டில் இந்த வாரம் விடாத மழை. நீங்கள் ஓட்டிய லோரியைத் தேயிலைத் தோட்டத்தார் விற்றுவிட்டார்கள். நான் மூளையைப் பற்றிய ஆய்வை முடித்துவிட்டேன். இனி என்னை டாக்டர் என்று கூப்பிடலாமாம். "ஊசி போடாத டாக்டரா?" என்று கேட்ட அம்மா, அதையே லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

பார்வையை எடுத்த பிறகும், பார்த்தது சில நொடிகள் மனத்தில் நிற்கிறதே, அதை மூளையில் எது பிடித்து வைக்கிறது? இதுதான் என் ஆய்வு. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று என் பேராசிரியருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் லோரியை விட்ட அன்று காலை, கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்தீர்கள். பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. வளைவைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினீர்கள். அதற்குள் அது உங்கள் மனத்தில் இல்லாமலே போய்விட்டது. லோரியை வலப்பக்கம் ஒடித்தீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் மயிரிழையில் தப்பினார். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினீர்கள்.

"எல்லாரும் எறங்குங்க. இனிமே நான் ஓட்டல."

"என்னண்ணே, அண்ணிகூட சண்டையா? கோவத்த லோரிமேல காட்டாதீங்க லா!" என்றாராம் அந்தப் பெண்களில் ஒருவர். ஒரே சிரிப்பாம்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் உங்கள் கண்ணைச் சோதித்தார்கள். குறையே இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்த, தோட்ட ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி, "கண்ணு நல்லாத்தான்யா இருக்கு. ஒனக்கு வேலைன்னாதான் மாலாஸ்," என்று ஊர் கேட்க உங்களைச் சோம்பேறியாக்கினார்.

"ஒண்ணப் பாத்தா இன்னொண்ணு போயிடுதுங்க," என்றீர்கள். யார் நம்பினார்கள்? மறுநாளே களை வெட்டப் போனீர்கள். ஆபிஸில் லோரிச் சாவியைத் திரும்ப நீட்டியபோதும் நீங்கள் வாங்கவில்லை.

வீட்டில் மேசைமேல் நான்கு நிறத்தில் நான்கு பிளாஸ்டிக் கோப்பைகளை வைத்துப் பார்ப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ண எடம் மாத்தும்மா," என்பீர்கள். ஒருநாள் சிவப்பை நகர்த்தினேன். நீங்கள் நீலத்தைக் காட்டினீர்கள்.

"நடிக்காதீங்கப்பா," என்றேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

"நடிக்கத் தெரிஞ்சா சினிமாவுக்குப் போயிருப்பேன் லா," என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைகளை நீங்கள் எடுக்கவே இல்லை. என் சொல் எவ்வளவு வலித்தது?

ஆய்வுக்கூடத்தில் நான் செய்ததும் அதைத்தான். திரையில் நிறக் கட்டங்களைக் காட்டி, ஒரு நொடி மறைத்து, எது மாறியது என்று கேட்பேன். தலையின் பின்பகுதி நிறத்தையும் வடிவத்தையும் வாங்குகிறது. உச்சந்தலைக்குப் பின்னால் உள்ள பகுதி எது எங்கே என்று பிடித்து வைக்க உதவுகிறது. மூன்று நான்கு பொருளுக்கு மேல் யாருக்கும் நிற்பதில்லை. நெற்றிப் பக்கம் இருப்பது எதை விடக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறது. எதன் பங்கு எவ்வளவு என்று எங்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

உங்கள் கடைசி ஸ்கேனில், உயிரைக் கொண்டுபோன ரத்தக்குழாய் அடைப்போடு, அந்த உச்சிப் பகுதியில் பழைய சின்னத் தழும்பு ஒன்றும் இருந்தது. அன்று யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு படம் எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னதோடு அது பொருந்துகிறது, அப்பா.

எந்தக் கருவியும் காட்டும் முன்பே உங்களை நீங்களே சோதித்துக்கொண்டீர்கள். சோம்பேறி என்ற பேரை வாங்கிக்கொண்டு, லோரியில் இருந்த அத்தனை பேரையும் உயிரோடு வீடு சேர்த்தீர்கள். நான் படித்ததில் இதைவிட நேர்மையான முடிவு எதுவும் இல்லை.

வரும் ஞாயிறு தோட்ட மண்டபத்தில் எனக்குப் பாராட்டு. அன்று லோரியில் சிரித்த பெண்களும் வருவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிராணிதான் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். மேடையில் நான்கு கோப்பைகளை வைக்கப் போகிறேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். நடிக்காதீர்கள் என்று சொன்னது யார் என்பதையும் அவர்கள் முன்னால் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

சிவப்புக் கோப்பையை நகர்த்திய
உங்கள் மகள்