அப்பா பண்ண மறுத்த சத்தியம்

அன்புள்ள மகள் லக்சனாவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், ஒஸ்லோக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். எங்கள் ஓர்ஸ் ஹில் சபையில் நடந்த கூத்தை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. புதிதாக வந்த போதகர் கிருஷாந்த் நல்ல பிள்ளைதான், ஆனால் வந்த கையோடு, மூப்பர் எல்லாரும் வேதப்புத்தகத்தில் கை வைத்துப் போதகரின் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவோம் என்று சத்தியம் பண்ண வேண்டும், பண்ணாதவர் விலக வேண்டும் என்று அறிவித்துவிட்டார். பிஷப்பே இல்லாத சபை எங்களுடையது, போதகரும் மூப்பர்களும் கூடிப் பேசி ஆளுக்கொரு வாக்குப் போட்டுத்தானே எதையும் முடிக்கிறது. நாலு மூப்பர் பண்ணிவிட்டார்கள். அப்பா மட்டும் "சபை ஒழுங்கைக் காப்பன் எண்டு இருபத்தாறு வருசத்துக்கு முதல் சத்தியம் பண்ணினனான், அதை முறிச்சு இன்னொண்டு பண்ண ஏலாது" என்று கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். வந்தவர் சரியாகச் சாப்பிடவுமில்லை, பின்னேரங்களில் துறைமுகப் பக்கம் தனியே நடக்கப் போய்விடுவார், சபையை விட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது சொல்லு.

எனக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியில் கிடந்த சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்து முழுக்க வாசித்தேன், சிரிக்காதே, கண்ணாடி போட்டுத்தான் வாசித்தேன். போதகராக அபிஷேகம் பெறும்போது பண்ணுகிற சத்தியமும் அதில் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டத்தில் அப்பாவை விலக்குகிற கதை வந்ததும் எழும்பிப் புத்தகத்தை நீட்டி, "ஐயா, புதுச் சத்தியத்துக்கு முதல் உங்கட பழைய சத்தியத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ, நாங்கள் மறந்துபோனம்" என்று மிகப் பணிவாகக் கேட்டேன். மனுஷன் சத்தமாகத்தான் தொடங்கினார், "மூப்பர் சங்கத்துக்குக் கீழ்ப்படிவேன்" என்ற வரியில் குரல் இறங்கிவிட்டது. நான் விடவில்லை, "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை ஐயா" என்றேன். மூப்பர் ஆனந்தராசா இருமுகிற சாட்டில் சிரித்தார், பிறகு முழுச் சபையும் சிரித்தது. கடைசியில் போதகரும் சிரித்துவிட்டு, மூப்பருக்கென்று தான் எழுதி வைத்திருந்த புதுச் சத்தியக் கடதாசியைக் கிழித்து, அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதோடு எனக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று.

இன்னும் கேள், வெறுமையாயிருந்த மூப்பர் இடமொன்றுக்கு அன்றைக்கே என் பெயரைச் சொல்லித் துண்டு எழுதிப் போட்டார்கள், நான் வென்றுவிட்டேன். எனக்கு எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்கு. அது யாருடையது என்று அப்பாவிடம் கேட்டால் "அது ரகசிய வாக்கு" என்கிறார், ஆனால் அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணியை அவரேதான் போட்டுத் தருகிறார்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் நடத்துவாராக. காதை மூடித் தொப்பி போடு. மறக்காமல் அப்பாவுக்குப் போனில் கோல் எடுத்து அந்த வாக்கைப் பற்றி மெதுவாக விசாரி, உனக்கு அவர் பொய் சொல்லமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மூப்பர் ஜெயரூபி