பாலத்தடியில் என் கணவர் நிறுத்தும் இடம்

ஆகஸ்ட் 21, புதன்

கிளினிக்கில் இன்று இருமல் கூட்டம். மருந்து கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் என் கணவர் வெலாபி தன் பழுப்புத் தொப்பியைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஈஸ்டருக்குக்கூட வெளியே வராத தொப்பி.

"அகோனா கூப்பிட்டிருக்கா. சனிக்கிழமை வெளியூர்க்காரங்களுக்கு நம்ம இடத்தையெல்லாம் சுத்திக் காட்டுறாளாம்."

அகோனா மூலைக்கடைக்காரரின் மகள். நகரத்து மியூசியத்தில் வேலை பார்த்தவள். பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், கறுப்பர்களை ஒதுக்கிவைத்த எங்கள் டவுன்ஷிப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவளுக்கு ஆத்திரம். போராட்டத்தில் எரிந்துபோன பியர் ஹால், மாணவர்கள் ரகசியமாகக் கூடிய சபையின் பின்னறை, ரயில் பாலத்தடியில் பழைய கரிக் கொட்டகை. ஒன்றிலும் ஒரு பலகை கிடையாது. பழைய டயர்களில் பெயின்டால் பெயர் எழுதி அவளே நட்டுவைத்திருக்கிறாள். நல்ல காரியம் என்றேன்.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார்: "தோசியும் வர்றா."

தோசி. என்னைக் கட்டிய நாளிலிருந்து 'மாட்லோமோ' என்று குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். மரியாதையாம். எங்கள் சபைத் தோசாமா, அவருடைய மாணவர் காலத்துத் தோழி, அவள் மட்டும் தோசி.

ஆகஸ்ட் 24, சனி

மத்தியானம் திரும்பி வந்தார். சோளமும் பீன்ஸும் இரண்டு தட்டு சாப்பிட்டார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "பழைய கதைதான்" என்றார்.

எனக்குத் தெரியாத பழைய கதை.

ஆகஸ்ட் 29, வியாழன்

சபைப் பெண்கள் கூட்டம். எல்லாரும் சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. தோசாமா வழக்கம்போல் எனக்கு முன் வரிசையில். ஐம்பதைத் தாண்டியும் அந்தக் கழுத்து வளையவில்லை. கடவுள் ஏன் சிலருக்கு மட்டும் இப்படி?

தேநீர் குடிக்கும்போது செபானியின் அம்மா என் தோளை இடித்தாள். "சிஸி, உன் வீட்டுக்காரரு என்னமா பேசுறாரு. கரிக் கொட்டகைக்குள்ள அவளுக்கு ஜுரமாம், தலைய மடியில வச்சுக்கிட்டு நாள் கணக்கா ஒளிஞ்சிருந்தாராமே. உனக்குத் தெரியாததா."

"தெரியாம என்ன" என்றேன்.

தெரியாது. போலீஸ் தேடியது தெரியும், ஒளிந்திருந்தது தெரியும். மடி தெரியாது.

செப்டம்பர் 1, ஞாயிறு

கேட்டேவிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்றீங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?

"ஊர்க்காரங்க கேட்டுட்டுப் போயிருவாங்க, மாட்லோமோ."

இது ஒரு பதிலா? நான் போகாமல் இருப்பதுதான் குற்றமா?

செப்டம்பர் 7, சனி

நானும் போனேன். வெளியூர்க்காரர்களோடு, பின்னால், சால்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு. வெலாபி என்னைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பியர் ஹாலில் அகோனா பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். சுவரின் கரியைத் தொட்டுப் பார்த்த ஒரு பெண் விரலைத் துடைக்காமலே நடந்துவந்தாள். கொட்டகை வந்ததும் வெலாபி முன்னால் போனார். என் கணவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா? வெள்ளையர் அரசின் அவசரநிலைக் காலம், கூட்டம் கலைந்து ஓடியது, இவரும் தோசாமாவும் கரி மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்தது, அவள் தம்பி மொண்டே மட்டும் பின்தங்கி மேலே பாலத்துப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது... "அப்புறம் சுட்டாங்க. மொண்டே..." அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடி.

தோசாமா அவர் முழங்கையைத் தொட்டு, மீதியைத் தான் சொன்னாள். "உடனே போயிட்டான். என் தம்பி வலிக்காமப் போனான்." எல்லாரும் தலை குனிந்தார்கள்.

நான் குனியவில்லை. அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவனுக்காக வராத கண்ணீர் அதற்காக வந்தது. அசிங்கம்தான். எழுதிவிட்டேன், இருக்கட்டும். முப்பது வருஷம் நான் துவைத்த சட்டை அது. அவர் பாதியில் விட்ட பேச்சை எடுத்து முடிக்க அவளுக்குத் தெரிகிறது. எனக்கு முதல் பாதியே தெரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் சண்டை. பாரம்பரிய தின விடுமுறையன்று பெரிய கூட்டம் வருகிறதாம். போகாதீங்க என்றேன். "போகலன்னா தோசி அங்க தனியா நிப்பா" என்றார்.

"அப்ப அங்கேயே போய் இருங்க. அவ உங்களுக்கு யாருன்னாவது சொல்லிட்டுப் போங்க."

தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு டாக்ஸி பிடித்து என் தங்கை நொம்ஸாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். "இந்த வயசுலயா?" என்று சிரித்தாள். ஆமாம், இந்த வயதில்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வந்தார். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அடுத்த கிளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல்:

"மொண்டே உடனே சாகல."

நான் போர்வையைப் பிடித்தபடி நின்றேன்.

"விடியற வரைக்கும் படிக்கட்டுலயே கெடந்தான். போலீஸ் வண்டி பக்கத்துலயே நின்னுச்சு. சிஸி, சிஸின்னு அக்காவத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அவளுக்கு ஓடும்போதே ஜுரம், உள்ள வந்ததும் நெனவு போயிருச்சு. எங்க கேட்டுருமோன்னு மடியில போட்டு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன். கேட்டிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பா. சத்தம் கொறஞ்சு கொறஞ்சு... முழிச்சதும் கேட்டா. உடனே போயிட்டான்னு சொல்லிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் இன்னிக்கு வரைக்கும் நடமாடுறா."

மடி. அந்த மடி.

ஏன் எங்கிட்ட சொல்லல என்றேன்.

"வாரா வாரம் அவளோட சேர்ந்து பாடுறவ நீ. இத வச்சுக்கிட்டு எப்படிப் பாடுவ?"

துணி முழுதும் காய்ந்தபிறகுதான் இருவரும் உள்ளே போனோம்.

செப்டம்பர் 16, திங்கள்

வீட்டில். அவர் இருமினார், நான் எழுந்து வெந்நீர் வைத்தேன். கோபம் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

பாரம்பரிய தினம். மணிமாலையும் விலங்குத்தோலுமாகத் தெருவே நடந்தது. முற்றத்துக்கு முற்றம் இறைச்சி சுடும் புகை. அகோனாவுக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று நம்பிக்கையே இல்லை. திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் நான் முன் வரிசையில் நின்றேன். அவர் அதே இடத்தில் நிறுத்தினார். தோசாமா அதே போல முழங்கையைத் தொட்டாள். "என் தம்பி வலிக்காமப் போனான்" என்று அவள் சொன்னபோது பாலத்துப் படிக்கட்டை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அவளுக்கு இல்லாத ஒன்று, அவருடையது, எனக்கு மட்டும் வேண்டும் என்று எத்தனை நாள் வெந்தேன். கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியில் அவள் என்னோடு சேர்ந்து நடந்தாள். "உன் வீட்டுக்காரர் ஏன் எப்பவும் சரியா அங்கயே நிறுத்துறாரு, புமேசா? நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"மூச்சு வாங்குது அவருக்கு" என்றேன். "கரித்தூசி இன்னும் போகலையே அங்க."

"மஃப்ளர் கட்டிக்கச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். மேட்டில் அவளுக்குக் கால் தடுமாறியது. கையைக் கோத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை முன்னால வந்து என் பக்கத்துல உக்காரு" என்றாள். "உன் குரல் பக்கத்துல இருந்தா நான் தப்பாமப் பாடுவேன்."

சரி என்றேன்.