பால் சுறா

புதன்கிழமை, இரவு

மாலையில் பெரியம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெரு அக்கா வந்து, தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஏற்ற மீனாகக் கொடுங்கள் என்றார். பெரியம்மா என் பக்கம் குனிந்து, "புள்ள பெத்தவளுக்கு இன்னா மீனுடி குடுப்பாங்க?" என்று கேட்டார்.

தாய்ப்பால் ஊறக் கொடுக்கும் பால் சுறா கூடையிலேயே இருந்தது. எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் சுறாப் புட்டு செய்யச் சொல்லிக்கொடுத்தவரே பெரியம்மாதான்.

கத்தியை வைத்த இடம் யாருக்கும் மறக்கும். இது அப்படியில்லை. போன வாரம் வீட்டுக்கு வரும்போது தெரு மாறியும் போய்விட்டார்.

கூடை காலியானதும் நேராகச் சொன்னேன்.

"டாக்டராண்ட போலாம் பெரிமா."

"நான் இன்னா லூசாடி?"

"இல்ல. சத்து கொறஞ்சாகூட மறதி வருமாம். இன்னான்னு சீக்கிரம் பாத்துட்டா நல்லது."

கையில் ஒட்டிய செதிலை வெகுநேரம் துடைத்தார். "எனக்கே தெரியுதுடி. சொல்லத்தான் பயமா கீது" என்றார். பிறகு, "சனிக்கெழம போலாம். நீயும் வா. ஞாபகப்படுத்து."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஞாபகப்படுத்துவேன்.