பச்சையாகவே நிற்கும் கட்டம்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோபிக்காமல் படி. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது, முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டிய கை வேறு எப்படிப் போகும். இதை எழுத நாலு நாள் ஆனது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எல்லாம் நானேதான்.

அம்மாடி, இத்தனை வருஷம் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன வருஷம் வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் தெரியும், லிஃப்ட் பொத்தானில் இருப்பது எண்தானே. கையெழுத்தை உன் அம்மா சொல்லிக்கொடுத்தாள், படம் போடுவது மாதிரி போடுவேன். நீ பள்ளிக்கூடத்துக் காகிதத்தை நீட்டும்போதெல்லாம் கண்ணாடியைக் காணோம் என்று வீடெல்லாம் தேடுவேனே, அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு, உங்கப்பா கண்ணாடிக்கு மட்டும் கால் முளைச்சிருக்குடி என்பாள். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கடைசிவரை அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது எட்டு மாதமாக மாடிவீட்டுத் தையல்காரம்மாவிடம் படிக்கிறேன். துணிக்கு அளவு எழுதும் நோட்டிலேயே எழுத வைக்கிறார். ஒரு கொம்பை விட்டால், கை இல்லாத சட்டையை நீங்க போட்டுக்குவீங்களா ஐயா என்று அதட்டுகிறார். பஸ் பலகை, மருந்து அட்டை, சுவரில் ஒட்டியது எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நடக்கிறார்கள். வேலை பார்த்த கட்டடத்துக்கும் போனேன். லிஃப்டில் என் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்குமே, எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று போட்டிருக்கிறது. முப்பது வருஷம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்திருக்கிறேன். சந்தோஷம் தாங்காமல் உன் அம்மாவிடம் சொல்ல வேகவேகமாக நடந்து வந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

நீ போனில் போட்டுக்கொடுத்த கட்டம் கட்டமான ஷீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு சர்க்கரையும் பிரஷரும் நான்தான் பார்த்துப் போடுவேன். நான் எண்ணைப் போட்டதும், நீ வைத்த எண்ணோடு ஒத்துப் பார்த்துக் கட்டம் தானாக நிறம் மாறும். பச்சை என்றால் மாத்திரை போட்டு நடக்கப் போகலாம், மஞ்சள் என்றால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியாது. அன்று காலை அவள் தாடை வலிக்குது, என்னமோ மாதிரி இருக்குங்க என்றாள். நான் எண்களைப் போட்டேன், இரண்டும் பச்சை. பச்சைதாண்டி, ஒண்ணுமில்ல, படு என்றேன். உங்க பச்சைக்கு என் வலி எங்க தெரியப்போகுது என்று சிரித்தாள். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கிளம்பினோம். கொஞ்சம் முன்னால வந்திருந்தா என்று டாக்டர் சொன்னபோது நீ போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். அன்று முதல் நீ, எண்ணை நான் தப்பா வெச்சிட்டேனாப்பா என்று கேட்கிறாய். இப்போது அதையும் கேட்பதில்லை, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய்.

அந்த ஷீட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டு நீ ஊருக்குக் கிளம்பும்போது, மேல எழுதியிருக்கறத மறந்துடாதீங்கப்பா என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன். மேலே இருந்த அந்தக் கறுப்பு வரியை அம்மாவின் பெயர் என்று நினைத்திருந்தேன். போன மாதம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நிறம் எதுவாக இருந்தாலும் அம்மா முடியவில்லை என்று சொன்னால் உடனே கிளம்புங்கள் என்று எழுதியிருந்தாய். நீ எழுதியதில் நான் தனியாகப் படித்த முதல் முழு வரி அதுதான். திரும்பத் திரும்பப் படித்தேன், வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே உன் எண்ணில் தப்பில்லை அம்மாடி. நீ சரியாகத்தான் செய்தாய், சொல்ல வேண்டியதையும் சொன்னாய். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத்தான் வெட்கம். இந்தச் சுமையை என்னிடம் இறக்கிவிட்டு நீ தூங்கு. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், திட்டியே எழுது, இனி நானே படித்துக்கொள்வேன்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்புக்கு ஒன்று என்றால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். அந்த ஷீட்டை மட்டும் அழித்துவிடாதே, அவளுடைய கடைசிக் கட்டம் பச்சையாகவே இருக்கட்டும். அதன் கீழே எனக்கு ஒரு கட்டம் போட்டுக்கொடு. கடிதம் போட்ட தேதியை நான் அதில் போடுகிறேன், ஏழு நாள் தாண்டினால் அது சிவக்கட்டும். அடுத்த வாரமும் எழுதுவேன், சிவக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
இனிமேல் கண்ணாடியைத் தொலைக்காத
உன் அப்பா