சிவந்த தண்ணீர்

அன்புள்ள அத்தானுக்கு,

நம் பிள்ளை அபர்ணா நன்றாக இருக்கிறாள். முழங்காலில் மட்டும் சின்னக் கட்டு.

கடலடியில் தோண்டிய வெளுத்த சேறு ஓரிடத்தில் சட்டென்று சிவந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி கொதித்த அடையாளம் அது என்றும், எரிமலையா, கடலுக்குள் உறைந்திருந்த வாயுவா, எது காரணம் என்று கப்பலில் இன்னும் சண்டை என்றும்.

இன்று மெயினருவியில் நாங்கள் குளிக்கும்போதே தண்ணீர் சிவந்தது. "சூப்பரா கொட்டுது!" என்று வெளியூர்ப் பெண்கள் கூவினார்கள். வானத்தில் மேகமே இல்லை. இந்த ஊரிலேயே பிறந்த நான், தண்ணீர் சிவந்தால் மலையிலிருந்து வெள்ளம் வருகிறதென்று தெரிந்தும் ஓடாமல், எங்கே மழை பெய்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, எந்த மலையில பெஞ்சா என்ன? பிள்ளையத் தூக்குட்டி!" என்று பக்கத்து வீட்டுப் பேராச்சி மதினி என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். படியேறித் திரும்பினால், நாங்கள் நின்ற இடத்தில் ஒரு மரம் வந்து விழுந்து கிடந்தது.

அபர்ணாவை இன்னும் மடியிலிருந்து இறக்க முடியவில்லை.

காரணத்தை மெதுவாகக் கண்டுபிடியுங்கள், அத்தான். பூமி மறுபடி கொதித்து, இப்போதும் தண்ணீர் சிவந்துவிட்டது என்றால் அதை மட்டும் உடனே எழுதுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் படியில் ஏற வேண்டும் என்பதையும்.

உங்கள்
மாமன் மகள்